மிஸ்ஸும் அழகம்மாவும்

— மதகு தாண்டியாச்சு. இன்னும் ஏன் பத்தடி தள்ளியே வர்ற? இங்க யாரும் இல்ல, கிட்ட வா.

— வந்துட்டேன். சொல்லுங்க மிஸ்.

— அம்மா! வெளையாடாத. பக்டரிக்குள்ளதான் மிஸ். வீட்டுப் பாதையில நான் குமாரி.

— எனக்கு எங்க தெரியுது? மூணு மாசமா காலையில ஏழு மணிக்கு ஒன் அம்மாவா இருக்குறத நிப்பாட்டுறேன், நாலரைக்குத் திரும்ப ஆரம்பிக்கிறேன். இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு.

— இந்தா கடிதம். சிங்களத்துல எழுதியிருக்கேன். கீழ அழகம்மான்னு ஒரு கையெழுத்து வச்சாப் போதும்.

— என்னான்னு எழுதியிருக்க?

— பாக்க வந்தவங்க கையில அடிச்சது பெரிய பிழை, இனி நடக்காதுன்னு. அவ்வளவுதான்.

— எழுதச் சொன்னது யாரு?

— மெனேஜர். அவரு மட்டும் என்ன செய்வாரு? அடி வாங்குன அந்த நோனா அம்மா கொழும்புல பெரிய எடத்துக்கு போன் போட்டிருச்சு. நாளைக்குக் காலையில கடிதம் மேசையில இருக்கணும். இல்லாட்டி ஒன்னைய நிப்பாட்டிருவாங்க.

— நிப்பாட்டட்டும். எட்டாம் நம்பர் மலையில எனக்குப் பால் வெட்ட மரம் இருக்கு.

— கொஞ்சம் யோசிச்சுப் பேசும்மா. அந்தம்மா டிக்கட் எடுத்துட்டு வந்திருக்கு. வெள்ளக்காரன் காலத்து றப்பர் பக்டரிய பாக்கணும், தன் கையால பால் வெட்டணும், ரோலர்ல ஒரு றப்பர் ஷீட் உருட்டி வீட்டுக்குக் கொண்டுபோகணும். அதுக்குத்தான் இந்தப் பயிற்சியே. கத்திய கையில குடுத்தா வெட்டத்தானே செய்யும்?

— வெட்டட்டும், பட்டைய வெட்டட்டும். கத்தி உள்மரம் வரைக்கும்ல போச்சு. வெள்ளையாத் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் நிப்பாட்டல. போட்டோவுக்குச் சிரிச்சுக்கிட்டே அதே எடத்துல இன்னொண்ணு. சுத்தி நின்னவங்க கைதட்டுறாங்க. நீயும் தட்டுன.

— அது என் வேல. யாரு வெட்டி முடிச்சாலும் தட்டணும்.

— ஓஹோ! பத்து மணிக்கு எந்த மரத்துல ஒழுங்கா பால் வருது? விடியக்கால நான் வெட்டி எடுத்த பாலத்தானே செரட்டையில ஊத்தி வச்சு, ஒங்க மரம் குடுத்துச்சுன்னு காட்டுறீங்க? அதுக்கும் வாயத் தெறக்காம நிக்கிறேன். ஆனா காயம் வைக்கிறத எப்புடிப் பாத்துக்கிட்டு நிக்க?

— அதுக்காக அடிக்கிறதா?

— அடிக்கல, தட்டிவிட்டேன். சின்னதுல நீ அடுப்புப் பக்கம் கைய நீட்டுனா தட்டுவேன்ல, அந்த மாதிரி.

— செவந்து போச்சும்மா.

— அவங்க வேன் அவிசாவளை தாண்டுறதுக்குள்ள ஆறியிருக்கும். மரத்துக்கு வருசக்கணக்கு ஆகும். முப்பது வருசத்துல நான் ஒரே ஒரு மரத்துலதான் காயம் வச்சேன், தெரியுமா? நீ வயித்துல எட்டு மாசம். குனிய முடியல, கத்தி வழுக்கிருச்சு. கங்காணி எல்லாரையும் கூப்புட்டு, அவங்க முன்னுக்கு அந்தக் காயத்துல என் வெரல வைக்கச் சொன்னாரு. எனக்கு யாரும் கைதட்டல.

— இதெல்லாம் நீ சொன்னதே இல்ல.

— நீ கேட்டதே இல்ல.

— சரி, கையெழுத்து வை. மழை வரப்போகுது.

— வைக்கிறேன். அதுக்கு முன்ன ஒண்ணு. நோனா கத்துனப்ப, சிங்களத்துல நீ என்னா சொன்ன?

— மன்னிச்சுக்கங்கன்னு சொன்னேன்.

— அதுக்குப் பொறகு?

— ஞாபகம் இல்ல.

— எனக்கு இருக்கு. தெரணியகலை சந்தையில சண்டை புடிச்சு மரக்கறி வாங்குற சிங்களம்டி இது. "தோட்டத்து லயத்து ஆளுங்க இப்புடித்தான் நோனா, பழக்கவழக்கம் தெரியாது. படிச்சவங்க நாங்க சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனோம்." சரியா? "படிச்சவங்க நாங்க"ங்குறப்ப கைய நெஞ்சுல வச்ச.

— வாய் தவறி வந்துருச்சு.

— வாய் தவறுனா ஒரு சொல்லு வரும். ஒனக்கு நெஞ்சுல கையோட வந்துச்சு.

— ஆமா சொன்னேன்! வேற என்ன சொல்லச் சொல்ற? ஒனக்கு என்ன தெரியும்? கேம்பஸுக்குப் போன மொத நாளு எந்த ஊருன்னு கேட்டாளுக. கேகாலைன்னேன். டவுனான்னாளுக. ஆமான்னேன். அந்த ஒரு ஆமாவ நாலு வருசம் தூக்கிச் சுமந்தேன். அப்பா கடை வச்சிருக்காருன்னு சொன்னேன். அம்மா வீட்டுல தையல் தைக்கிறாங்கன்னு சொன்னேன். லீவுக்கு வீட்டுக்கு வாறோம்னாளுக, அம்மாவுக்குச் சொகமில்லன்னு சொன்னேன். எத்தன தடவ ஒன்னைய ஆஸ்பத்திரியில போட்டேன்னு எனக்கே கணக்கு இல்ல.

— அதான் எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்துச்சா?

— சிரிக்காதம்மா. பட்டம் குடுத்த அன்னைக்கு ஒரு ஆளைத்தான் உள்ள விடுவாங்கன்னு சொல்லி அப்பாவ மட்டும் கூட்டிட்டுப் போனேனே...

— தெரியும். நம்ம லயத்து நிரோஷன் பட்டம் வாங்குறப்ப அவங்க அம்மா, அப்பா, சித்தின்னு மூணு பேரு போயிட்டு வந்தாங்க. போட்டோவும் காட்டுனாங்க.

— தெரிஞ்சுமா கேக்கல?

— கேட்டா ஒனக்கு இன்னொரு பொய் தேடுற வேல.

— என்னைய ஏசு. ரெண்டு அறை வேணும்னாலும் குடு. இப்புடி மெதுவாப் பேசாத.

— கை வலிக்குதுடி. காலையிலயே ஒருத்திய அடிச்சிட்டேன்.

— எனக்கு வெக்கமா இருக்கு. ஒன்னைய நெனச்சு இல்ல. பொய், ஒன்னைய நெனச்சும்தான் வெக்கப்பட்டேன். ஒன் கையில ஒட்டியிருக்குற பால் வாடை, நீ சத்தமாப் பேசுறது, எல்லாம். இப்ப அப்புடி வெக்கப்பட்டதுக்கு வெக்கமா இருக்கு. மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல.

— இங்கயே இருக்கட்டும். சேலை முந்தானை இருக்கு, தொடச்சுக்க.

— கடிதத்தக் குடு, கிழிக்கிறேன். நாளைக்கு மெனேஜர்கிட்ட நேரா சொல்றேன். அழகம்மா என் அம்மா, நானும் லயத்துல பொறந்தவதான், அந்த நோனாகிட்ட சொன்னதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும்னு. வேல போனாப் போகட்டும்.

— கிழிக்காத. கைய நீட்டுனது பிழைதான், கையெழுத்து வைக்கிறேன். ஆனா நீ போயி ஒண்ணும் சொல்ல வேணாம்.

— ஏன்? இப்ப நீயே மறைக்கச் சொல்றியா?

— அவருக்குத் தெரியும் குமாரி.

— எப்புடி? த்ரீவீல் ஓட்டுற ஹஸீப் சொன்னானா? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு இரிக்கிதே மிஸ்னு ஒரு நாள் பல்லக் காட்டுனான்.

— நான்தான் சொன்னேன். நல்லா வெட்டுற ஆள் வேணும்னு அவரு மலைக்கு வந்து மொத கேட்டது என்னைய. வேடிக்க காட்ட வரமாட்டேன்னுட்டேன். திரும்பத் திரும்ப வந்தாரு. கடைசியில, கேம்பஸ் முடிச்ச மக ரெண்டு வருசமா வீட்டுல உக்காந்திருக்கா, அவளுக்கு ஒரு வேல குடுத்தா வர்றேன்னேன்.

— அப்ப என்னோட இன்டர்வியூ?

— நல்லா இங்கிலீசு பேசுனியாம். அவரு மெச்சிக்கிட்டாரு.

— அம்மா, நான் நோனாகிட்ட அப்புடிச் சொன்னப்ப அவரு பக்கத்துலதானே நின்னாரு?

— நின்னாரு. நோனா வேன்ல ஏறுன பொறகு ஷெட்டுக்குப் பின்னால வந்து, ஒன் சார்புல என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு.