பதினேழாம் விதி

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் ஒருவர் மெனக்கெட்டுப் போட்டுக் கொடுத்ததைக் குறை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

முதுநிலை மாணவர் சங்கத்தில் நான் ஆறு வருடமாகச் செயலாளர். விதிகளைத் திருத்த வேண்டும் என்று முதலில் சொன்னவனும் நான்தான். எங்கள் சங்கத்தில் சேர்ந்தவர் பெயரை நீக்க வழியே கிடையாது. படிப்பை முடித்துப் போய்ப் பிள்ளை குட்டி பெற்றவர்கள்கூடப் பட்டியலில் இருந்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் கூட்டம் செல்லும். எங்கே வருவது? மாதாமாதம் நாற்காலி போடுவேன், எண்ணுவேன், ஒத்திவைப்பேன், நாற்காலியை மடக்குவேன்.

அதற்காகத்தான் பதினேழாம் விதியை எழுதினேன். தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பெயர் தானாக நீங்கிவிடும். மற்ற விதிகளையும் சேர்த்து இரண்டு வருடம் உட்கார்ந்து எழுதிய வரைவு அது. தினமும் காலையில் பிரார்த்தனை முடித்துவிட்டு ஒரு பக்கம் எழுதுவேன்.

கடைசி ஆறு மாதத்தில்தான் அவளை எனக்கு உதவியாகப் போட்டார்கள். தாவரவியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்னைவிட நான்கு வயது சிறியவள். என்னை அண்ணா என்பாள். மற்றவர்களுக்கெல்லாம் அவள் அக்கா.

அவளைப் பற்றித் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். எங்கள் சங்க வாயில் காவலருக்கு நான் தினமும் வணக்கம் சொல்வேன். மழைக்காலத்தில் என் குடையைக்கூடக் கொடுத்திருக்கிறேன். அவளோ வந்த முதல் வாரத்திலேயே அவருடைய மகள் எந்தப் பாடத்தில் தேறவில்லை என்று தெரிந்து வைத்திருந்தாள். வாசல் படியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். அதன் பிறகு காவலர் என் வணக்கத்தை வாங்கிக்கொள்வார், ஆனால் அவர் கண் எனக்குப் பின்னால் அவள் வருகிறாளா என்று பார்க்கும். நல்லவன் என்று பெயர் எடுக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று, ஐயா. அவளுக்கு ஒரு வாரம்.

பதினேழாம் விதியைப் படித்ததும் சொன்னாள்: "உடம்பு முடியாதவங்க என்ன பண்ணுவாங்கண்ணா? ஒரு சீட்டு எழுதிப் போட்டா விடுப்புன்னு வச்சுக்கலாமே."

"அப்புறம் எல்லாரும் சீட்டுதான் போடுவாங்கம்மா. ஆள் வர மாட்டாங்க."

"போட்டும். சீட்டு எழுதுறவன் சங்கத்தை நினைச்சுட்டுத்தானே எழுதுறான்?"

சேர்த்தேன். ஒரே ஒரு வரி. சீட்டு போட சங்க அறை வாசலில் ஒரு பெட்டியும் வைத்தேன். பொதுக்குழுவில் எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அவளே எல்லா விதிகளையும் வாசித்தாள். அறுபத்திரண்டு விதிகளுக்கும் அமைதியாக இருந்தவர்கள், அந்த ஒரு வரிக்குக் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவன், "அக்கா எழுதினது மட்டும் தமிழ்ல இருக்கு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது என்பது எனக்குத் தெரியும். திங்கள், புதன், வெள்ளி பல்கலைக்கழக மருத்துவமனையில் டயாலிசிஸ். சங்க உறுப்பினர் என்பதால் அங்கே அவளுக்கு இடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்து மருத்துவமனைக்கு அனுப்புவது என் வேலை.

கூட்டம் வழக்கமாக வியாழக்கிழமை. அதைப் புதனுக்கு மாற்றினேன். வியாழனில் பலருக்கு வகுப்பு இருந்தது, விசாரித்துப் பாருங்கள். அவள் என்னிடம் வருத்தப்பட்டாள். "நீ உடம்பைப் பாரும்மா, சீட்டு போட்டா போதும், நீ கொண்டுவந்த வரிதானே," என்றேன். கூட்டத்தில் யாராவது அக்கா எங்கே என்று கேட்டால், "முடியாம இருக்காங்க, போன் பண்ணித் தொந்தரவு பண்ணாதீங்க," என்று சொல்லி வைத்தேன்.

மூன்று கூட்டங்கள் நடந்தன. பட்டியலைத் தட்டச்சு செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் சங்க அறைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"லிஸ்ட்ல என் பேர் இல்லையாம்ணா. ஆஸ்பத்திரி கிளார்க் மூணு தடவை தேடிட்டார். பாவம், என்னைவிட அவர்தான் பதறிப்போயிட்டார்."

அந்த நேரத்திலும் அவளுக்கு கிளார்க்தான் பாவம். பாருங்கள்.

"சீட்டு போட்டியாம்மா?"

"மூணு மாசமும் போட்டேனே. உங்க பெட்டியிலதான்."

"வரலையேம்மா."

"எங்கயோ தவறியிருக்கும். உங்களுக்கு எவ்வளவு வேலை. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்கண்ணா."

என்னைத் தேற்றினாள், ஐயா. உட்காரச் சொல்லித் தேநீர் போட்டேன். "அரை டம்ளர் போதும்ணா, நான் தண்ணி அளந்துதான் குடிக்கணும்," என்றாள். முழு டம்ளர் ஊற்றினேன். தேடி வந்தவர்களுக்குக் குறைத்து ஊற்றி எனக்குப் பழக்கமில்லை. என் மனம் நோகக் கூடாதென்று முழுவதையும் குடித்தாள்.

மேல்முறையீட்டை அடுத்த கூட்டத்தில்தான் எடுக்க முடியும், அதற்கு இன்னும் இருபத்துமூன்று நாள் இருக்கிறது என்று விளக்கினேன். விதி அப்படி. தலையாட்டினாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய மருத்துவமனையில் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அங்கே வரிசை நீளம் என்பது இருவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது, "சங்கத்துப் பசங்ககிட்ட சொல்லிடாதீங்கண்ணா. பரீட்சை நேரம். படிப்பை விட்டுட்டு எனக்காக அலைவாங்க," என்றாள்.

நான் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வெளியே மழை தூறியது. என் குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் இறந்தாள். பெரிய மருத்துவமனையில் ஒரே ஒரு முறை இடம் கிடைத்ததாம். இரண்டாவது முறைக்குக் காத்திருந்தபோது மூச்சுத் திணறியிருக்கிறது. அவளுடைய தம்பி என் குடையைத் துடைத்து, மடித்து, திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். வாயில் காவலர் அன்று நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் போய்த்தான் கதவைத் திறந்தேன்.

இரங்கல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? பட்டியலில் இருந்த அத்தனை பேரும். நாற்காலி போதவில்லை. என் ஆறு வருடத்தில் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. இறந்த பிறகும் அவளுக்குத்தான் வந்தார்கள்.

பெட்டியைப் பற்றி மறுபடியும் கேட்கிறீர்கள். அதன் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. சீட்டு எதுவும் வரவில்லை என்று உங்கள் விசாரணைக் குழுவிடம் முதல் நாள் சொன்னேன். அது சரியல்ல. மூன்று சீட்டுகளும் வந்தன, ஒவ்வொன்றும் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே. மூன்றாவதில் தேதிக்குக் கீழே, "நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் எனக்குக் கவலையில்லை அண்ணா," என்று எழுதியிருந்தாள்.

என் பிரார்த்தனைப் புத்தகத்தில் கசங்காமல் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒருவர் நம்பி எழுதிக் கொடுத்ததைக் கிழிக்க எனக்குக் கை வராது, ஐயா. நான் அவ்வளவு கல்நெஞ்சக்காரன் இல்லை.