லிஃப்ட் சாவி

— மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்டுல ரிப்பேர்னு போர்டு மாட்டிட்டா நான் நம்பிடணுமா பய்யூமி சித்தப்பா? உள்ள லைட் எரியுதே.

— லைட் எரிஞ்சா ஓடும்னு யார் சொன்னா இன்ஷிரா? எங்க வீட்டு ஃபிரிட்ஜுலயும்தான் லைட் எரியுது. தண்ணி சுடுது.

— உங்க வேடிக்கைப் பேச்செல்லாம் இன்னிக்கு வேண்டாம். காலை ஷிஃப்டுக்கு நான் ஆஸ்பத்திரி போன் போர்டுல உக்காந்திருக்கணும். நேத்தும் போகல. இன்னிக்கும் வரலன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்னு சூப்பர்வைசரம்மா சொல்லிட்டாங்க.

— தனியாவா வந்தே, தாயி? இந்த நாற்காலியை உருட்டிக்கிட்டு?

— வேற யார் வருவா? ஷஹாத்தா அண்ணன் படுத்த படுக்கையா கிடக்கு. என்னை முதுகுல சுமந்துக்கிட்டு இதே படியில இறங்கறப்பதான் டிஸ்க் நகந்துடுச்சு. பாத்ரூம் போகக்கூட அண்ணி தாங்கிப் பிடிக்கணும்.

— அல்லா குணமாக்கட்டும்.

— அல்லா குணமாக்குவான். நீங்க கதவைத் திறங்க. மைக்ரோபஸ் வேனுங்களுக்கு நடுவுல சக்கரத்தைத் தள்ளிக்கிட்டு வந்திருக்கேன். ஒருத்தன் வண்டியை நிறுத்தி என் மடியில காசு போட்டுட்டுப் போறான், பிச்சைக்காரின்னு நினைச்சு. ஆபீசுக்குப் போறேன்யான்னு கத்தறேன், காதுலயே வாங்கல.

— இன்ஷா அல்லாஹ், நாளைக்கு இன்ஜினியர்கிட்ட...

— ரெண்டு வருஷமா இதே நாளைக்கு. கதவுல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் உரிக்கல. விருந்தாளிக்குன்னு பூட்டியே வெப்போமே முன்ரூம், அந்த மாதிரி. யாருக்காக வெச்சிருக்கீங்க? மந்திரி வந்து ஏறவா?

— கோவப்படாதே. நாலு ஆம்பளைங்களக் கூப்பிடறேன். நாற்காலியோட தூக்கி இறக்கிடுவாங்க.

— வேண்டாம். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தப்ப என்னை அப்படித்தான் இறக்கினாங்க. தூக்கினவனுங்க கை எங்கெல்லாம் போச்சுன்னு உங்ககிட்ட நான் சொல்ல முடியாது.

— ஐயோ, இன்ஷிரா.

— இப்ப மட்டும் ஐயோவா? என் அண்ணன் ஒருத்தர்னாலதான் நான் வெளி உலகமே பாத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆல இமாம் அவரைப் பத்திப் பேசினாரு. தங்கச்சியையே இப்படிச் சுமக்கறவன் பொண்டாட்டியை எப்படி வெச்சுக்குவான்னு, அண்ணியோட வாப்பா மாப்பிள்ளை போட வேண்டிய தங்கம் கேக்காம, வீடு கேக்காம பொண்ணைக் குடுத்தாரு. அப்பேர்ப்பட்ட ஆளோட முதுகை முறிச்சிட்டீங்க சித்தப்பா. உங்க சோம்பேறித்தனம்தான் முறிச்சுது.

— நான் முறிக்கல.

— ஸ்டேஷன் ட்யூட்டின்னு டீ கிளாஸும் கையுமா உக்காந்திருந்தது யாரு அப்ப? டிவிக்காரங்களுக்கு போன் பண்ணப் போறேன். உங்க பேரைச் சொல்லியே பேசுவேன்.

— வேண்டாம் தாயி. ரிட்டையர் ஆகப் போற நேரம்.

— எனக்கு வேலை போகப் போற நேரம். யாருக்கு வலிக்குதுன்னு பாத்துடலாம்.

— போனை உள்ள வை. சாவி என் பாக்கெட்லதான் இருக்கு. நகரு, திறக்கறேன்.

— அட, வந்துடுச்சே. பாட்டு வேற பாடுது. எப்பலேர்ந்து ஓடுது இது?

— மாட்டின நாள்லேர்ந்து.

— மாட்டின நாள்லேர்ந்தா? நான் அந்த முதுகுல தொங்கிக்கிட்டு இறங்கறதைத் தினமும் பாத்துட்டு சும்மா இருந்தீங்களா? யார் பூட்டச் சொன்னா? மேலிடமா?

— மேலிடத்துல இதை மறந்தே போயிட்டாங்க. உள்ள போ, உனக்கு நேரமாவுது.

— சொல்லாம ஏற மாட்டேன்.

— கேக்காதே மகளே. வேலைக்குப் போ.

— யாருன்னு சொல்லுங்க. அவன் வீட்டு வாசல்ல போய் நின்னு, என் அண்ணன் கிடக்கற கிடையைச் சொல்லிக் காறித் துப்பணும்.

— உன் அண்ணன் ஷஹாத்தாதான். அவ தனியா போக ஆரம்பிச்சுட்டா ஊர்ல என்னை யார் மதிப்பான்னு, லிஃப்ட் மாட்டின அன்னிக்கு என் கையைப் பிடிச்சு அழுதான். நேத்துக்கூடப் படுக்கையிலேர்ந்து போன் பண்ணி, அவ வேலை போனாலும் போகட்டும் சித்தப்பா, நான் எழுந்திரிக்கிற வரைக்கும் திறந்துடாதீங்கன்னான்.