கரண்ட் போன நேரம்

ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. நாகேஷ் சார், உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் பக்கத்து அறையில் இப்போது ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. யாரையாவது அனுப்பி அணைக்கச் சொன்னால் நான் நிம்மதியாகப் பேசுவேன்.

நன்றி.

என் பெயர் அனந்தபத்மநாபன். மாநில அரசின் புள்ளிவிவரத் துறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெங்களூர் மர்பி டவுனில் கீழ்வீட்டில் நான் இருக்கிறேன், மாடி வாடகைக்கு. மனைவி இல்லை. மகள் ஷ்ரேயா வைட்ஃபீல்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவாள்.

குடிவருகிறவர்களிடம் கரண்டுக்கு இரண்டு வழி சொல்வது என் வழக்கம். சப்-மீட்டரைப் பார்த்து, ஓடிய யூனிட்டுக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் எழுநூறு, ஃபிக்ஸட். பாஞ்சாலியும் அவள் கணவன் அப்பாதுரையும் வந்தபோது இதையேதான் சொன்னேன். அவன் பெயிண்டர், அவள் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங். பகலில் வீட்டில் ஆளே இருக்காது.

"எது சார் நல்லது?" என்று கேட்டாள்.

"ஃபிக்ஸட்தாம்மா. தலைவலி இல்ல" என்றேன். யாருக்கு நல்லது என்று அவள் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் அப்பாதுரையின் நுரையீரல் கெட்டது. பெயிண்ட் தூசி என்றார்கள். ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து வைத்தார்கள். இரவும் பகலும் என் தலைக்கு மேலே அது உறுமியது. நடுநடுவே இருமல், சளியைத் தகர டப்பாவில் துப்பும் சத்தம். எனக்குச் சோறு இறங்கவில்லை. குமட்டியது சார், மறைக்கவில்லை. ஒரு மனிதன் படுத்துக்கொண்டே என் மீட்டரை உறிஞ்சிக் குடிப்பதுபோல இருந்தது.

பாஞ்சாலி நேர்மையானவள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளே கீழே வந்தாள். "மெஷினு கரண்ட ரொம்ப இழுக்குது சார். உங்களுக்கு ஏன் நஷ்டம்? நாங்க மீட்டருக்கே மாறிக்கறோம்" என்றாள். நான் மறுத்துவிட்டேன். "பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டிருக்கோம். பேசினது பேசினதுதாம்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். போனவள் தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். கோழிக்கடைக்காரர்கூட எழுந்து நின்று வணக்கம் சொன்னார். முப்பத்தொரு வருட சர்வீஸில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அதை இழக்க மனம் வரவில்லை.

பிறகு பில் வந்தது. நானும் மனிதன்தானே.

மாடிக்குப் போகும் மெயின் ஸ்விட்ச் என் படிக்கட்டின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. தினம் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை அதை அணைத்து வைத்தேன். எழுநூறு எழுநூறாகவே இருந்தது, நான் சொன்ன சொல் தவறவில்லை. கரண்ட் போனால் வைத்துக்கொள்ள அவர்களிடம் ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்று பாஞ்சாலிதான் ஒருமுறை சொன்னாள். நான் இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்ததே அதை நினைத்துத்தான். இரக்கமில்லாதவன் மூன்று மணி நேரம் அணைத்திருப்பான்.

அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. நம் ஊர்ப் பேச்சே அப்படித்தானே சார். கரண்ட் போச்சு என்கிறோம், வந்துச்சு என்கிறோம். கன்னடத்திலும் கரண்ட் ஹோய்த்து என்றுதான் சொல்கிறீர்கள். அது தானே போகும், தானே வரும். அனுப்பியது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டேகாலுக்குக் கதவைத் தட்டினாள். திறப்பதற்கு முன் என் ஃபேனை அணைத்துவிட்டுத்தான் போனேன். அவள் வியர்த்து நிற்கும்போது நான் காற்றில் நிற்பது முறையில்லை.

"சார், கரண்ட் பூடுச்சு. எப்ப வரும்?"

"ஏரியா முழுக்கப் போயிருக்கும்மா. இப்ப வந்துடும்."

"பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுதே சார்?"

"அவங்க வேற ஃபேஸ்."

தலையை ஆட்டினாள். வேறு ஃபேஸ் என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. பிறகு, "சிலிண்டர் நேத்தே தீந்துடுச்சு சார். நாளைக்குத்தான் ரொப்பித் தருவாங்களாம். ஆட்டோ வெச்சு ஆஸ்பத்திரிக்கு இட்னு போயிடட்டா?" என்றாள்.

இந்த வெயிலில் நோயாளியைப் படி இறக்குவதா? "பத்து நிமிஷம் பொறும்மா" என்றேன். எனக்கு அவன்மேல் விரோதம் எதுவும் இல்லை.

மூன்று மணி பத்துக்கு மறுபடியும் வந்தாள். செருப்பில்லை, தலை கலைந்திருந்தது. "உதடு நீலமா ஆவுது சார். ஓனர் சார், போன் பண்ணிக் கேளுங்க சார்" என்றாள். நான் போனை எடுத்துக் காதில் வைத்து, "லைன்மேன் கம்பத்துலதான் இருக்காராம்" என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு மேலே ஓடினாள்.

அப்போதே ஏன் போடவில்லை என்று கேட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். அவள் படியேறி முடிப்பதற்குள் கரண்ட் வந்தால் என்ன நினைப்பாள்? மூளையுள்ள பெண். தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நாலு மணிக்கு, வழக்கம்போல, போட்டேன். மேலே மெஷின் உறுமியது. அன்றுதான் முதல்முறையாக அந்தச் சத்தம் எனக்கு அருவருப்பாக இல்லை. அதையும் தாண்டி அவள் அழுவது கேட்டது. மூன்று மணி நாற்பதுக்கே மூச்சு நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மாலை போட நானும் போனேன். "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கரண்ட் பூடுச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மெஷின் நிற்கும் நேரத்தைக் குறித்து வைக்கும்படி டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. காலண்டரில் நாள்தோறும் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: கரண்ட் போச்சு, இரண்டிலிருந்து நாலு. ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்கள் மட்டும் காலி. ஷ்ரேயா வரும் நாளில் எனக்குப் பெட்டியருகே போக நேரம் இருக்காது. அதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள், பாராட்டுகிறேன். என் துறையில் இருந்திருக்க வேண்டியவர்.

நீங்கள் எழுதி வாசித்துக் காட்டியதெல்லாம் சரி. தேதி சரி, நேரம் சரி. ஐம்பத்தேழு நாள் என்பதும் சரி. "நான் கரண்டை நிறுத்தினேன், அதனால் அப்பாதுரை இறந்தார்" என்று ஒரு வரி இருக்கிறதே, அது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. பெரிய திருத்தம் இல்லை சார். அந்த இடத்தில் "கரண்ட் போனது" என்று மாற்றிக்கொடுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.