நாய்க்கு ஓர் அர்ச்சனை

“அந்த நாயை விட்டிட்டியளே, அண்ணை.”

இந்தக் குரல் கேட்டுத்தான் கைபேசியிலிருந்து நிமிர்ந்தேன். பியர்பொன்ட்ஸ் என்ற புறநகருக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண்மணியும் அவருடைய அண்ணனும் இருந்தார்கள். தமிழ் மன்றத்து வினாடி வினாவுக்காக, 1921ஆம் ஆண்டில் உலகத்தில் நடந்தவற்றை அண்ணன் ஒரு கொப்பியிலிருந்து வாசித்துக்கொண்டு வந்தார்.

“எந்த நாய்? ரஷ்யாவிலை பஞ்சம் இருக்கு. சீனாவிலை கட்சி துவங்கினது இருக்கு. அயர்லாந்து ஒப்பந்தம், இந்த நாட்டுப் பார்லிமென்டுக்குப் போன முதல் பொம்பிளை, எல்லாம் எழுதிப்போட்டன்.”

“ரொறன்ரோவிலை இன்சுலின் கண்டுபிடிக்கேக்கை நாய்களிலைதானே சோதிச்சவை. அதுகள் செத்தபடியால்தான் என்ரை பிள்ளை இருக்கிறாள். ஏழு வயசிலை சீனி வருத்தம் வந்தவள், இண்டைக்கு டவுன்டவுனுக்குத் தனியப் போய்ப் படிச்சிட்டு வாறாள்.”

“சரி, எழுதுறன்.”

“எழுதினாக் காணாது. வெள்ளிக்கிழமை கோயிலிலை அதுக்கு ஒரு அர்ச்சனை செய்யப்போறன்.”

“உனக்கென்ன விசரே? ஐயர் பேர், நட்சத்திரம் கேப்பார். நாயின்ரை நட்சத்திரத்துக்கு எங்கை போவாய்?”

தங்கை யோசிக்கவே இல்லை.

“பிள்ளையின்ரை நட்சத்திரத்தைச் சொல்லுவன். அதுவும் எங்கடை வீட்டு உயிர்தானே, அண்ணை.”

அண்ணன் பேனாவை எடுத்து, ரஷ்யப் பஞ்சத்துக்கும் மேலே இருந்த கொஞ்ச இடத்தில், ‘நாய்’ என்று நெருக்கி எழுதினார்.