ரெண்டு தடவை வகுத்த விலை

இல்ல தம்பி, சமாதானமாப் போற பேச்செல்லாம் வேற ஆள்கிட்ட வச்சுக்கங்க. எனக்கு அடுப்பு வேணும். அந்தக் கடைக்காரன் போட்ட விலைக்கே வேணும். நுகர்வோர் ஆபீஸ்னு போர்டு வச்சிருக்கீங்கல்ல, புகாரை எழுதுங்க.

கடை எங்க இருக்கா? அதுக்குக் கதவு ஏது, சன்னல் ஏது. எல்லாம் ஆன்லைன்லதான். விறகடுப்பு, புகைக்குழாய், சாம்பல் அள்ளுற கரண்டி வரைக்கும் விக்கிறான். நம்ம ருசே ஊர்ல பாதி வீட்டுல அவன் அடுப்புதான் எரியுது, அந்தத் திமிரு.

புது வருஷத்தோட நம்ம நாட்டுக் காசு லெவா போயி யூரோ வந்துச்சில்ல? ஆயிரத்து இருநூறு லெவா அடுப்பு. யூரோவுல கிட்டத்தட்ட பாதி, அறுநூத்திச் சொச்சம். அதுவரைக்கும் சரியாத்தான் வகுத்திருக்கானுங்க. அப்புறம் புது வருஷத்துப் பனிட்சா பலகாரத்தைத் தின்னுட்டு, ராக்கியா சாராயத்தை ஊத்திக்கிட்டு, அந்த அறுநூறையும் லெவான்னு நெனச்சு இன்னொரு தடவை வகுத்துட்டானுங்க. முந்நூத்திச் சொச்சம்னு வந்து நின்னுச்சு. இதுல இவனுங்க வியாபாரம் வேற பண்றானுங்க.

தப்புன்னு எனக்குத் தெரியாதான்னா? எப்படித் தெரியும்? ஜனவரில ஊரெல்லாம் தள்ளுபடி. பாதி விலைன்னா யாருக்குச் சந்தேகம் வரும்? ஒரு யூரோவுக்கு அடுப்புன்னு போட்டிருந்தா நானே சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஆர்டர் உறுதின்னு பதில் அனுப்பினான். என் பென்ஷன் காசை எடுத்துக்கிட்டான். அப்ப பேரம் முடிஞ்சுது, இல்லியா? சட்டம் படிச்சவரு நீங்களே தலையைச் சொறிஞ்சா எப்படி?

கோர்ட்டுல கைத்தவறுன்னு வாதாடுவானா? வாதாடட்டும். அந்த வாயையும் பாக்குறேன்.

அப்புறம் வந்துச்சு பாருங்க ஒரு மெயில். அன்பான வாடிக்கையாளரே, விலை தவறுதலா ரெண்டு தடவை யூரோவுக்கு மாத்தப்பட்டிருச்சு, ஆர்டர் ரத்து, பணம் திரும்பி வரும், அடுத்த தடவை வாங்கினா அஞ்சு சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்குள்ளயே கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்குறேன் தம்பி. அந்தத் தள்ளுபடியை எரிச்சுக் குளிர் காயவா? கீழ்வீட்டு ஸ்னெழானாவுக்கும் இதே மெயில்தான், ஒரு எழுத்து மாறல. வாங்கினது யாரு என்னன்னு பேரைக்கூடப் பாக்கல அவன்.

போன் பண்ணிப் பேசலாமேன்னா? பேசாம என்ன. பழைய அடுப்பு விரிசல் விட்டப்பவே பேசினேன். எனக்கு நேரமில்ல, எல்லாம் சைட்டுல இருக்கு, பாத்து எடுத்துக்கன்னான். நானும் பாத்து எடுத்தேன்.

என்னது, கடைப் பேரு பத்தாதா, முதலாளி முழுப்பேரும் வேணுமா? எழுதிக்கங்க. க்ராசிமிர் அசேனோவ் தோச்சேவ். நடுப்பேரு சந்தேகமே வேணாம், அவங்கப்பா பேரு அசேன்தான். எனக்குத் தெரியாம என்ன, அந்த மனுசன் சாகுற வரைக்கும் சோறாக்கிப் போட்டவ நான்தானே.

ஆமா, நான் பெத்தவன்தான். அதுக்கு எதுக்குப் பேனாவைக் கீழ வக்கிறீங்க? எழுதுங்க. அம்மா அனுப்புன மெயிலு அவன் கண்ணுல படாது. உங்க ஆபீஸ் முத்திரையோட போனா பிரிச்சுப் படிப்பான்ல.