ஆறாவது தோட்டா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வெள்ளை மேசைவிரிப்பு போடுவது எங்கள் வீட்டு வழக்கம், ஷெரீஃப். என் அம்மா கையால் பின்னியது. வாராவாரம் யாராவது அதில் குழம்பைச் சிந்துவார்கள், வாராவாரம் நான் அலசிப் போடுவேன். நெப்ராஸ்காப் புழுதியில் ஒரு துணியை வெள்ளையாக வைத்திருப்பது லேசான வேலை இல்லை.

நீங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் கணவர் டெல்பர்ட்டின் கொள்ளுத்தாத்தா மாடு ஓட்டிய காலத்துச் சுழல்துப்பாக்கி. அறை ஆறு என்றாலும் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியல் காலி அறையின் மேல் உட்கார வேண்டும். தோட்டாவின் மேல் உட்கார்ந்திருந்தால், சுத்தியலில் ஒரு தட்டு பட்டாலே வெடித்துவிடும். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும்.

வீட்டுக் காவலுக்கு அதுவே போதும் என்பது என் கணவரின் கட்சி. பக்கத்துப் பண்ணையில் திருட்டுப்போன பிறகு அது தலையணைக்கடியில் குடியேறியது. எங்காவது சத்தம் கேட்டால் டார்ச்சோடு என்னை முன்னால் அனுப்புவார். துப்பாக்கியோடு அவர் பின்னால் வருவார். ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டு வந்த என் நெற்றிக்கு நேராகவே நீட்டிவிட்டார்.

"நீதானா? வாயத் தொறந்து குரல் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்றார்.

அதன்பிறகு என் வீட்டுக்குள் நானே இருமிக்கொண்டு நடந்தேன். வருஷக்கணக்கில். அலுத்துவிட்டது, வேறொன்றும் இல்லை.

மருமகன் கிரெய்க் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். "மாமா, இத சுவத்துல மாட்டி அழகு பாருங்க. புதுசா ஒண்ணு நான் வாங்கித் தர்றேன். அஞ்சு தோட்டாவ வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? ஆறாவதா ஒருத்தன் வந்தா காப்பி போட்டுக் குடுப்பீங்களா?"

"அவனுக்குத்தான் உன் மாமியார் சமையல் இருக்கே. தின்னுட்டு தானா செத்துருவான்" என்றார் டெல்பர்ட்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இந்தப் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் முடியும். துப்பாக்கியை எடுத்து வந்து மேசைமேல் வைப்பார். குழலை விருந்தாளி பக்கம் திருப்புவது மரியாதை இல்லை என்று தன் பக்கமே திருப்பிக்கொள்வார். பிறகு குழம்புக் கரண்டியால் சுத்தியலில் ஒரு தட்டு. "பாத்தியா? பச்சப்புள்ள மாதிரி தூங்குது."

சனிக்கிழமை அவர் முடிவெட்டப் போயிருந்தபோது தலையணை உறை மாற்றினேன். கிரெய்க் சொன்னது மனதில் ஓடியது. காவல் என்றால் முழுசாக இருக்கட்டும் என்று காலி அறையிலும் ஒரு தோட்டாவைப் போட்டு, சுத்தியலை அதன்மேல் மெதுவாக இறக்கி வைத்தேன். நான் யாரையும் குறிவைக்கவில்லை. எந்த விசையையும் இழுக்கவில்லை. இருந்த குறையை நிரப்பினேன், அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டில், "ஏம்ப்பா கிரெய்க், அந்தப் பழைய துப்பாக்கி நெசமாவே போதுமா?" என்று கேட்டது நான்தான். சாப்பிடும்போது ஏதாவது பேச்சு வேண்டுமே. டெல்பர்ட் உடனே எழுந்து போனார். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கரண்டியைத் துடைத்து அவர் கைக்கு எட்டும்படி வைத்தேன். மிச்சத்தை என் மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

மேசையில் ஏன் ரெக்சின் விரிப்பு கிடந்தது என்று உங்கள் ஆள் கேட்டார். அம்மாவின் விரிப்பை முந்தின நாள் சாயங்காலமே மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். குழம்பு சிந்திவிடுமே என்றுதான்.