பேசித் தீர்க்கும் அறை

உட்கார்ந்தால் என் கால் தானாக ஆடும், சார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து பேக்கிங் கம்பெனியில் பதினாறு வருடமாக ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் நான். சண்டை சச்சரவு வராமல் தடுப்பதுதான் என் பொறுப்பு. 'வன்முறை இல்லாத பணியிடம்' என்று வாசலில் போர்டு மாட்டியதும் நான்தான்.

லேபிள் ஒட்டும் பெண் முதலில் வந்தபோது விரல்களில் கட்டு.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டாதேன்னேன் சார். பெட்டிக்கடியில கைய வச்சு நசுக்கிட்டான்."

சரக்கு வண்டி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சும்மா விளையாட்டு சார்" என்று பல்லைக் காட்டினான். எழுதி டிராயரில் வைத்தேன்.

இரண்டாம் தடவை அவள் உட்காரவே இல்லை. "அட்டை கிழிக்கிற கத்திய கழுத்துல வச்சான் சார். வேற ஷிஃப்டுக்காவது மாத்துங்க." அதையும் எழுதி வைத்தேன். அந்த வாரம் தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, நாள் முழுக்க வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து, "நாளைக்கு போலீஸுக்குப் போறேன்" என்றாள்.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? பேசினா தீராததா? நானும் கூட இருக்கேன், வா."

அவள் என்னை நம்பி வந்தாள். சரக்கு அறையில் அவனை முன்பே உட்கார வைத்திருந்தேன். அவன் சட்டைப் பையில் கத்தி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டால் அவமானமாக நினைப்பான் என்று விட்டுவிட்டேன். பெரியவர் ஒருவர் நடுவில் இருந்தால் மனம் விட்டுப் பேச மாட்டார்களே என்று நான் உள்ளே போகவில்லை. யாரும் குறுக்கே வந்துவிடக் கூடாதென்று வெளியே பூட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டினாள். "சார், திறங்க சார்." என் பெயரைச் சொல்லியும் கூப்பிட்டாள். முதலில் எல்லாருமே அப்படித்தான் முரண்டு பிடிப்பார்கள். சாவி என் கையில்தான் இருந்தது. வராந்தாக் கோடிவரை போனேன், வந்தேன், மறுபடி போனேன். இன்னமும் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டும் இடம் மட்டும் கீழே கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

பிறகு சத்தம் அடங்கியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ராசியாகிவிட்டார்கள் என்று நினைத்து, மூன்று டீ சொல்லிவிட்டு வந்துதான், சார், கதவைத் திறந்தேன்.